தொட்டால் அழாத இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் 19 வருடம் தீக்காய வார்டு. இப்போது சாத்தூரில் இருக்கிறேன். உங்கள் நாளிதழை நாள் தவறாமல் படிப்பவள். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுவிடும் என்று தெரிகிறது. முழுதாகப் போட இடமில்லாவிட்டாலும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

பங்குனி கடைசியில், தீக்காயத்துக்கு மீன் தோல் வைத்துக் கட்டும் பிரேசில் நாட்டுச் சிகிச்சை பற்றி நீங்கள் ஒரு செய்தி வெளியிட்டீர்கள். ஜிலேபி மீனின் படமும் போட்டிருந்தீர்கள். செய்தி பொய்யில்லை. அது வந்து இரண்டு வாரத்துக்குள், சித்திரை முதல் நாள், எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பிள்ளை பாயசப் பாத்திரத்தை இழுத்துக் கையில் கொட்டிக்கொண்டான். நாலு வயசு. நான் மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தேன். திரும்பி வந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் அம்மா வந்துவிட்டாள்.

"நர்ஸக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. நல்லாத்தான் இருக்கான், இருந்தாலும் நீங்க ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி."

வாசப்படி ஏறும்போதே வாடை வந்துவிட்டது. வலது கை முழுக்க வெள்ளை வேட்டித் துணி சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே மீன் தோல், பட்டை பட்டையாக. சந்தையில் வாங்கிய ஜிலேபி மீன். செதிலைச் சுரண்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தடவை கழுவித்தான் வைத்தாளாம். "பேப்பர்ல போட்டிருந்தாங்கல்லக்கா, அதே மீனுதான்" என்றாள். அப்புறம் முழங்கை மடிப்பைக் காட்டி, "மொத நாளு அப்பிடிக் கத்துனான். இப்ப இந்த எடத்துல தொட்டாக்கூட அழமாட்டேங்கான். ஆறிருச்சுன்னு நெனைக்கேன்" என்றாள்.

ஆறவைத்த வெந்நீரை ஊற்றி ஊற்றி ஊறவைத்து ஒவ்வொரு பட்டையாக எடுத்தேன். மணிக்கட்டுப் பக்கம் காயம் சிவப்பாக, ஈரமாக இருந்தது. துணி பட்டதுமே பிள்ளை வீரிட்டான். அழுதானே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. முழங்கை மடிப்புக்கு வந்தபோது, என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், அவித்த முட்டை வெள்ளை மாதிரி வெளுத்து, காய்ந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன். நிறம் மாறவில்லை. பிள்ளை ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவள். படித்ததைச் செய்தாள். அந்தச் செய்தியில் "தீக்காயம்" என்று ஒரே ஒரு சொல் இருந்தது. எவ்வளவு ஆழமான தீக்காயம் என்று இல்லை.

தீக்காய வார்டில் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை பெர்சன்ட்?" என்பது. அடுத்து "டீப்பா, சூப்பர்ஃபிஷியலா?", அதாவது ஆழமானதா, மேலோட்டமானதா என்பது. பெர்சன்ட் கணக்கு வெளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆழம் யாருக்கும் தெரிவதில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கரும்பைச் சொல்லித்தான் விளக்குவேன். மேலே வெட்டினால் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்துவிடும். நம் தோலிலும் மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி எல்லாம் உள்தோலுக்குள் இறங்கி நிற்கின்றன. மேல்தோல் வெந்தாலும், உள்தோலின் மேல்பகுதி வெந்தாலும், அந்த வேர்க்கட்டைகளிலிருந்து புதுத் தோல் துளிர்த்து இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். உள்தோல் அடிவரை வெந்துபோனால் துளிர்க்கக் கட்டை மிஞ்சாது. ஓரத்திலிருந்துதான் தோல் ஊர்ந்து வர வேண்டும். வலி நரம்புகளும் அங்கேயே வெந்துபோவதால் வலிக்காது. வலிக்காத இடம்தான் மோசமான இடம் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு. பாயசம், சாம்பார், கஞ்சி மாதிரிக் கெட்டியானவை வெந்நீரைவிட அதிகநேரம் தோலில் ஒட்டி நின்று சூட்டை இறக்குகின்றன. அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு முழங்கை மடிப்பில், பாயசம் தேங்கிய இடத்தில், அவ்வளவு ஆழம்.

ஆழத்தைக் கணிப்பது டாக்டர்களுக்கே சுலபமில்லை. அனுபவமுள்ளவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதும் மூன்று தடவையில் இரண்டு தடவைதான் சரியாக அமையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரத்த ஓட்டத்தை லேசர் ஒளியால் அளக்கும் கருவி இருக்கிறது, துல்லியமானது, ஆனால் விலை அதிகம். இங்கே பெரும்பாலும் நம்மிடம் இருப்பது விரலும் ஊசி முனையும் மூன்றாம் நாள்வரை பார்க்கும் பொறுமையும்தான்.

இப்போது அந்தப் பிரேசில் ஆராய்ச்சிக்கு வருகிறேன். ஃபோர்ட்டலேஸா நகரில் சியாரா மத்தியப் பல்கலைக்கழகத்தில், டாக்டர் எட்மார் மாசியேல் குழுவினர் செய்தது. அவர்கள் வைத்தது சந்தை மீன் தோல் இல்லை. கிருமிநாசினியில் கழுவி, கிளிசரினில் படிப்படியாக ஊறவைத்து, கதிர்வீச்சால் கிருமி நீக்கி, குளிரில் பாதுகாத்த தோல். அவர்கள் பெரும்பாலும் சோதித்தது தானாகவே ஆறக்கூடிய, மேலோட்டமான இரண்டாம் நிலைக் காயங்களில், அதாவது உள்தோலின் மேல்பகுதிவரை மட்டும் வெந்த காயங்களில். ஆறும் நாளில் கிடைத்த வித்தியாசம் சிறியதுதான். பெரிய லாபம் என்னவென்றால், தினமும் கட்டுப் பிரிக்க வேண்டாம், அதனால் வலி குறைகிறது, செலவும் குறைகிறது. தினமும் கட்டுப் பிரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது சின்ன லாபமில்லை. காலை எட்டரை மணிக்கு டிரெஸ்ஸிங் டிராலியின் சக்கரச் சத்தம் கேட்டதும் வார்டே அடங்கிப்போகும். பெரிய ஆண்பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அந்தச் சத்தம் வாரத்தில் இரண்டு நாள் குறைந்தால்கூட அந்த ஆராய்ச்சிக்குக் கும்பிடு போடுவேன். ஆனால் அந்தத் தோல், வெளுத்துக் காய்ந்த ஆழமான காயத்துக்கு மருந்தாகாது.

நம் நாட்டு ஆராய்ச்சிகளிலும் இதே கதைதான். பம்பாயில் டாக்டர் கேஸ்வானி 1985-ல் அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியாக்கிக் கட்டுரை எழுதினார். 2003-ல் வாழை இலையையும் அந்த உருளைக்கிழங்குத் தோலையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. மலிவில் வாழை இலைதான் மேல் என்றது. வாழை இலை நம் ஊரில் தீக்காயத்துக்குப் புதிதா என்ன. ஆனால் இதுவும் தானாக ஆறக்கூடிய காயத்துக்கான சோதனைதான். இலையையும் முறையாகக் கிருமி நீக்கித்தான் வைத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தேன் ஆராய்ச்சி. மகாராஷ்டிரத்தில் டாக்டர் சுப்ரமண்யம் என்பவர் 1991-லிருந்து தீக்காயத்தில் தேனைச் சோதித்துக் கட்டுரைகள் எழுதினார். மேலோட்டமான காயத்தில் வெள்ளிக் களிம்பைவிடத் தேன் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். அவரே 1999-ல் இன்னொரு சோதனையை வெளியிட்டார். ஒரு பக்கம் தேன் கட்டு, இன்னொரு பக்கம் வெந்த தோலைச் சீக்கிரமே சீவி எடுத்துவிட்டுப் புதுத் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சை. அறுவைச் சிகிச்சைதான் மேல் என்று முடிவு வந்தது. தேனால் பெயர் வாங்கியவர், தேன் எங்கே தோற்கிறது என்பதையும் தானே சோதித்து, தானே அச்சில் ஏற்றினார். ஆராய்ச்சி என்றால் அதுதான். தேன் தடவினால் ஆறும் என்ற செய்தியை எத்தனையோ பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். 1999 கட்டுரையைப் பற்றி ஒரு வரி எங்கும் பார்த்ததில்லை.

வெள்ளிக் களிம்பையும் சொல்ல வேண்டும். சில்வர் சல்ஃபாடையசின். 1968-ல் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்தார். எங்கள் வார்டில் அதற்கு "வெள்ளை மருந்து" என்றுதான் பெயர். கிலோ கணக்கில் தடவியிருக்கிறேன். கிருமிக்கு எதிராக அது பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் இரண்டு நாளில் காயத்தின் மேல் மஞ்சளாக ஒரு படலம் கட்டும். அடியில் ஆழம் எவ்வளவு என்று தெரியவிடாது. பிற்பாடு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வேறு கட்டுகளைவிட இதில் காயம் ஆற நாள் கூடுகிறது என்று கண்டார்கள். இத்தனை வருடம் நல்லது என்று நம்பித் தடவிய மருந்தைப் பற்றி இப்படிப் படிக்கும்போது மனசு கொஞ்சம் கனத்துத்தான் போனது. ஆனாலும் சோதித்துப் பார்த்தவர்கள் செய்தது சரி.

ஆழமான தீக்காயத்துக்கு வழி காட்டியவர் ஒரு பெண் டாக்டர். ஸோரா யான்ஸெகோவிச். அன்றைய யூகோஸ்லாவியாவில் மாரிபோர் என்ற ஊர். அதற்கு முன்பெல்லாம் வெந்த தோல் தானாக அழுகிக் கழன்று விழும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அதற்குள் கிருமி உள்ளே போய்ப் பலர் இறந்துவிடுவார்கள். அவர் மூன்றாம் நாள், நாலாம் நாளே அந்தத் தோலை மெல்லிய ஏடு ஏடாகச் சீவினார். அடியில் ரத்தம் பொடிப்பொடியாகத் துளிர்க்கும்வரை சீவி, துளிர்த்ததும் நிறுத்தி, அன்றைக்கே தொடைத் தோலை எடுத்து ஒட்டினார். 1970-ல் அது கட்டுரையாக வந்தது. இன்றுவரை ஆழமான காயத்துக்கு உலகம் முழுக்க அடிப்படை அதுதான். நம் மருத்துவமனைகளில் மூன்றாம் நாள் ஆபரேஷன் தியேட்டர் கிடைப்பதும், ரத்தம் கிடைப்பதும், மயக்க மருந்து டாக்டர் கிடைப்பதும் எப்போதும் நடக்கிற காரியமில்லை என்பது வேறு விஷயம்.

உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு ஒட்டுவதற்கு நல்ல தோலுக்கு எங்கே போவது? மீதி ஆராய்ச்சியெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. நம் சென்னையிலேயே டாக்டர் மாதங்கி ராமகிருஷ்ணன் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வையும், கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாளையும் தீக்காயத்துக்குப் போர்வையாக வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் பர்க் என்ற டாக்டரும் யானஸ் என்ற பொறியியல் பேராசிரியரும் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து உள்தோலுக்கு மாற்றாக ஒன்றைச் செய்து 1981-ல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டாக்டர் ஃபியோனா வுட், சின்னத் துண்டுத் தோலிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, அதைப் போல 80 மடங்கு பரப்பில் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2002 பாலி குண்டுவெடிப்பில் காயப்பட்டு பெர்த்துக்கு வந்தவர்களைக் கவனித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த நொதியும் வந்திருக்கிறது, நெக்ஸோபிரிட் என்ற பெயரில். நாலு மணி நேரம் காயத்தில் வைத்தால் வெந்துபோன தோலை மட்டும் கரைத்து, உயிருள்ளதை விட்டுவிடுகிறது. 2014-ல் வந்த சோதனையில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் கத்தி தேவைப்பட்டது. இதைப் போட்டவர்களில் நாலில் ஒருவருக்குத்தான். அதற்குப் பிறகு நடந்த பெரிய சோதனையில், காயம் மூடியதோடு விடாமல் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் நோயாளியைக் கூப்பிட்டு வடுவைப் பார்த்தார்கள். கை கால் வேலை செய்கிறதா என்றும் பார்த்தார்கள். 2022 டிசம்பரில்தான் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஸ்ட்ராட்டாகிராஃப்ட் என்று ஆய்வகத்தில் வளர்த்த தோல் இன்னொன்று, 2021-ல் அனுமதி பெற்றது. அதைச் சோதித்த விதம் எனக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. 71 பேர். ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரே மாதிரியான இரண்டு காயங்களைத் தேர்ந்து, ஒன்றில் வளர்த்த தோல், மற்றதில் அவர்களுடைய தொடைத் தோல். எது எதற்கு என்பது குலுக்கல் முறையில். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 83 சதவீதம் பேருக்கு, வளர்த்த தோல் வைத்த இடம் தொடைத் தோல் எடுக்காமலே மூடியிருந்தது. தொடையில் தோல் எடுத்த இடம் எரிகிற எரிச்சல், காயத்தைவிடக் கொடுமை என்று நோயாளிகள் அழுவார்கள். அந்த எரிச்சல் இல்லாமல் ஒரு காயம் மூடுகிறது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம். இதுவும் உள்தோல் கொஞ்சமாவது மிஞ்சிய காயத்துக்குத்தான்; முழுத் தோலும் வெந்த காயத்துக்கு இல்லை. ஆழம், ஆழம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி எழுதப்போவதுதான் நான் பேனாவை எடுத்த காரணம்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் புதுவகைக் கட்டு ஒன்றைச் சோதித்தார்கள். மருத்துவமனையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். நோயாளிக்கு ஒரு படிவம். கட்டு மாற்றிய தேதி, கசிவு எவ்வளவு, கிருமி வளர்ந்ததா, வலி பத்துக்கு எத்தனை, காயம் முழுதாக மூடிய நாள். நிரப்புவது என் வேலை. அதில் ஒரு பெண், சரவெடிக்குச் சரம் பின்னும் வேலை பார்த்தவள். பக்கத்து அறையில் மருந்து வெடித்ததில் முகம் தப்பியது. வலது கையின் மேல்புறமும் கட்டை விரல் இடுக்கும் நன்றாக வெந்துவிட்டன. அறுவைச் சிகிச்சை செய்யவில்லை. இந்தக் கட்டிலேயே விட்டுப் பார்த்தார்கள். 26-ம் நாள் காயம் மூடியது. நான்தான் அந்தக் கட்டத்தில் தேதியை எழுதினேன். எல்லோருக்கும் சந்தோஷம். சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுவந்து வார்டு முழுக்கக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏழு மாதம் கழித்து வேறொருவரைப் பார்க்க வந்தவள் என்னிடம் கையை நீட்டினாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கயிறு மாதிரித் தடித்து, விரலை இழுத்துப் பிடித்திருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை இடது கையால் எடுத்துக் கொடுத்தாள். சரம் பின்னுவது விரல் வேலை. அதற்குக் கூலியும் பின்னிய எண்ணிக்கைக்குத்தான். ராத்திரியெல்லாம் அரிப்பு, தூக்கம் இல்லை என்றாள். "ஆறிருச்சுன்னு சொல்லித்தான சிஸ்டர் அனுப்புனீக?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் போய் அந்த ஆராய்ச்சிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். படிவத்தை முடித்து அனுப்பியாயிற்று, இனிமேல் சேர்க்க இடமில்லை என்றார். அவர் கெட்டவரில்லை. படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் இன்றைக்கும் அந்தக் கணக்கில் வெற்றிகரமாக ஆறியவள்.

21 நாளைத் தாண்டித் தானாக மூடும் காயத்தில் வடு தடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. 1983-லேயே அமெரிக்க டாக்டர் டைட்ச் குழுவினர் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்: இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஆறினால் மூன்றில் ஒரு காயத்தில் வடு தடிக்கிறது, மூன்று வாரம் தாண்டினால் 78 சதவீதக் காயங்களில். அப்படியிருக்க, 26-ம் நாளை ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு மூடிவைக்கிற ஆராய்ச்சி எதைக் கண்டுபிடிக்கும்? தீக்காய வடு முற்றி அடங்கவே ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும். வடு வளர்கிற காலம் முழுக்க நோயாளி எங்கள் கண்ணுக்கு வெளியில் இருக்கிறார்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் இதே கவலையோடு ஒரு வேலை செய்திருக்கிறார்கள். தீக்காய ஆராய்ச்சி செய்பவர்கள் ஆளுக்கொன்றை அளக்கிறார்களே, கட்டாயம் அளக்க வேண்டியவை எவை என்று பல நாட்டு டாக்டர்கள், செவிலியர்கள், தீக்காயம் பட்டவர்கள் என எல்லோரையும் கேட்டு, ஏழாகச் சுருக்கினார்கள். மரணம், குறிப்பிட்ட சிக்கல்கள், காயம் ஆறுவது ஆகியவை அதில் உண்டு. கூடவே, தன் அன்றாட வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, நரம்பு வலியும் அரிப்பும் எப்படி, மனசு எப்படி இருக்கிறது, எப்போது வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பினார் என்பவையும் உண்டு. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அரிப்பு என்று ஒரு கட்டம்! அந்தப் பெண் அன்று என்னிடம் சொன்ன அத்தனையும் அந்த ஏழுக்குள் இருக்கிறது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இந்தியாவில் வருடத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல் மிதமாகவோ கடுமையாகவோ தீக்காயப்படுகிறார்கள். நம் வார்டுகளில் நடக்காமல் வேறு எங்கே நடக்க வேண்டும் இந்த ஆராய்ச்சி? பலனில்லை என்று சொல்கிற ஆராய்ச்சியும் வேண்டும். குளூட்டமின் பொடி என்று ஒன்று. தீக்காயத்துக்கு நல்லது என்று வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். கம்மலை அடகு வைத்து வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். 14 நாடுகளில் 1,200 பேரிடம் சோதித்து, சீக்கிரம் வீடு திரும்ப அது உதவவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. அந்த முடிவு எத்தனையோ கம்மலைக் காப்பாற்றும், செய்தியாக வந்தால்.

நடத்தும் விதத்தில்தான் என் மன்றாட்டு. வீட்டுக்கு அனுப்பிய பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் கூப்பிட்டுப் பாருங்கள். வரும் நாளுக்குக் கூலியும் பஸ் காசும் கொடுத்தால் வருவார்கள். வராததற்கு அலட்சியம் காரணமில்லை, ஒரு நாள் கூலி போவதுதான் காரணம். கையைப் பிடித்து மடக்கிப் பாருங்கள். கழுத்து நிமிர்கிறதா, சோற்றைப் பிசைந்து உண்ண முடிகிறதா, தலை பின்ன முடிகிறதா என்று கேட்டு எழுதுங்கள். எழுதும் வேலையைச் செவிலியர்களிடம் விடுங்கள். எங்களிடம்தான் அவர்கள் சொல்வார்கள். ஆராய்ச்சி முடிந்ததும் அதில் கலந்துகொண்டவருக்கு முடிவு என்ன என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். 19 வருடத்தில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை.

சம்மதக் கையெழுத்தையும் சொல்லியாக வேண்டும். தீக்காயம் பட்டு வந்த இரண்டாம் நாள், பத்துப் பக்கத் தாளைக் கட்டிலோரம் வைத்து, கை இரண்டும் கட்டுக்குள் இருக்கிறது என்று புருஷனிடம் கையெழுத்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது, ஆராய்ச்சியால் தீங்கு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று விதி இருக்கிறது. 2019-ல் புது விதிகளும் வந்துவிட்டன. இந்தியாவில் நடக்கும் ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யச் சிடிஆர்ஐ என்ற பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உங்கள் நிருபர்கள் அங்கே போய், நம் ஊர் தீக்காய வார்டுகளில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது, எத்தனை நாள் வரை நோயாளியைப் பார்க்கிறார்கள் என்று தேடி எழுதினால், அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்வேன்.

எங்கள் தெருப் பிள்ளையை அன்று ராத்திரியே கூட்டிக்கொண்டு போனோம். மீன் தோலுக்கு அடியில் கிருமி ஏறியிருந்தது. உடனே சீவி ஒட்ட முடியவில்லை. கிருமி அடங்கக் காத்திருந்து பதினோராம் நாள்தான் தொடைத் தோல் எடுத்து ஒட்டினார்கள். தோல் பிடித்துவிட்டது. ராத்திரியில் முழங்கையை நீட்டிவைக்கும் பட்டை, பகலில் இறுக்கமான உறை. வெயிலுக்கு அவன் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறான், அவன் அம்மா திரும்ப மாட்டிவிடுகிறாள். சாயங்காலம் என்னிடம் வந்து பந்து எறிவான். அதுதான் அவனுக்கு நான் வைத்திருக்கும் பயிற்சி. கை இன்னும் முழுதாக நீளவில்லை.

இனிமேல் தீக்காயச் சிகிச்சை பற்றிச் செய்தி போடும்போது, எவ்வளவு ஆழமான காயத்தில் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் கீழே சின்னப் பெட்டியாக இதையும் போடுங்கள்: தீக்காயம் பட்டதும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; ஐஸ், பற்பசை, மை, மாவு, மீன் தோல் எதுவும் வேண்டாம்; சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்; தொட்டால் வலிக்காத இடம் இருந்தால் அன்றைக்கே வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
சாத்தூர்.